ஆறாம் எண் சட்டை

எங்கள் அத்தையின் குரல் ஏறக்குறைய ஒரு வருஷம் காரைக்குடி முழுக்கக் கேட்டது. கேபிள் இணைப்பு இருந்த வீடுகளில் மட்டும்தான் என்று அப்பா திருத்துவார். இணைப்பு இல்லாதவர்கள் அடுத்த வீட்டு ஜன்னலில் நின்று கேட்டார்கள் என்பதால், ஊர் முழுக்க என்று நான் சொல்வதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. நான் நாலாம் வகுப்பில் இருந்தேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். காலேஜில் படித்தபோது மாவட்ட அணிக்குக் கபடி ஆடியவர். முழங்கால் ஒருமுறை விலகியதும் ஆட்டம் நின்றுபோனது. வாய் மட்டும் நிற்கவில்லை. மைதானத்துக்குப் போனால் ஓரத்தில் நின்று தனக்குத் தானே ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்போதெல்லாம் எங்கள் ஊர்க் கபடிக்கு மைக் பிடித்தவர் அரசியல் மேடையில் பழகியவர். ஒருவர் பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பி வந்து தண்ணீரும் குடித்திருப்பார். இவர் இன்னும் ‘எட்டுத் திக்கும் புகழ் மணக்கும்’ என்பதிலேயே நிற்பார். அவர் குன்றக்குடிக்குக் காவடி எடுத்துப் போன ஒரு நாளில்தான் கேபிள்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஆட்டத்தை நேரடியாகக் காட்டுவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம், பேச ஆள் இல்லையாம். அத்தை செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பிவிட்டார்.

அத்தை கூட்டத்தை வர்ணிக்க மாட்டார், ஆட்டத்தைச் சொல்வார். பாடிப் போகிறவர் எந்தக் காலை முன்னால் வைக்கிறார், மூலையில் நிற்பவர் ஏன் கையைப் பின்னால் ஒளிக்கிறார் என்று அவர் சொல்லிவிட்டால் அடுத்த நொடி அதுதான் நடக்கும். பாடிப் போனவர் திரும்பும் வரை அத்தையும் மூச்சு விட மாட்டார். கேட்டுக்கொண்டிருக்கும் நாங்களும் விட மாட்டோம். அம்மா அடுப்பில் குழம்பை மறந்தது அந்த வருஷத்தில்தான். இப்போது எத்தனையோ சேனல்களில் தமிழில் வர்ணனை வருகிறது. நானும் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். அந்தக் குரல் இல்லை. அதற்காக இந்த வயதிலும் ஏங்குகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒருநாள் சென்னையிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். விளையாட்டுக்கென்று புதிதாக நிகழ்ச்சி தொடங்கவிருந்த ஒரு தொலைக்காட்சியில் வேலை பார்ப்பவர். எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவரை அங்கே யாரும் கவனிக்கவில்லை போலும், மூலையில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறார். அத்தையின் குரல் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு முழு ஆட்டத்தைக் கேசட்டில் பதிந்து அனுப்பச் சொன்னார். மேலிடத்தார் கேட்டு, அவர்களுக்கும் பிடித்துவிட்டால் வேலை என்றார்.

“பேரு முக்கியம் மேடம். ஊரு பேரு தெரியாத ஒருத்தன் பாக்குறான். நீங்க பேரச் சொன்னாத்தான் அவனுக்கு அது ஆளு. சொல்லலேன்னா வெறும் பனியன்.”

அன்றிலிருந்து அத்தைக்கு வேறு நினைப்பே இல்லை. வெங்காயம் உரித்தாலும் வர்ணனை, துணி துவைத்தாலும் வர்ணனை. கொல்லையில் மேய்ந்த கோழிகளுக்கெல்லாம் பெயர் வைத்து, ஒரு பெயரும் விட்டுப்போகாமல் விரட்டி விரட்டிச் சொல்லிப் பழகினார். “மெட்ராஸ் போயிட்டா அத்தைய நீ தெனமும் பாக்கலாம்டீ, பெட்டிக்குள்ள,” என்பார். எனக்கு அத்தை பெட்டிக்குள் போகவும் வேண்டும், பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொள்ள. போகவும் கூடாது. யார் எனக்குத் தலை பின்னிவிடுவது?

மாதா கோயில் திருவிழாக் கபடியின் இறுதி ஆட்டத்தைப் பதிவு செய்வது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எங்கள் வீட்டில் அம்மா, நான், எதிர்வீட்டு ஆச்சி மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டோம். ஆச்சி என்றால் வயதானவர் இல்லை, செட்டிமார் வீட்டு மருமகள், அம்மாவைவிடச் சின்னவர். அப்பா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, ஆட்டத்தில் அக்கறை இல்லாதவராகப் பேப்பரின் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தார்.

ஒக்கூர் அணிக்கும் சாக்கோட்டை அணிக்கும் ஆட்டம். சாக்கோட்டையில் ஆறாம் எண் சட்டை போட்டவர்தான் அந்த வருஷத்து ராஜா. எங்கள் பள்ளியில் பையன்கள் முதுகில் சாக்பீஸால் ஆறு எழுதிக்கொண்டு திரிந்தார்கள். அவருடைய பெயர் கைக்குழந்தைக்கும் தெரியும். இங்கே அதை நான் எழுதப் போவதில்லை. அத்தை இதைப் படிக்கக்கூடும்.

“ஆரோக்கியம் பாடிப் போகிறார். செல்வராசு இடது மூலையில் பதுங்குகிறார். ஆரோக்கியம் வலது காலை நீட்டுகிறார், வேண்டாம் ஆரோக்கியம், அங்கே பாண்டி நிற்கிறார்...” அத்தை வெளுத்து வாங்கினார். பதினான்கு பேரில் பதின்மூன்று பேரின் பெயர் மழையாகப் பெய்தது. ஆறாம் எண் பாடிப் போகும்போது மட்டும் “ஆறாம் எண் வருகிறார்” என்றார். அடுத்த முறை “சாக்கோட்டைக்காரர் வருகிறார்” என்றார். அதற்கடுத்த முறை “இதோ வருகிறார்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பரீட்சையில் படித்தது மறந்துபோனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தைக்கு அந்தப் பெயர் மறந்துவிட்டது! டிவிக்குப் பக்கத்தில் ஓடி, திரையில் வாயை வைத்து அந்தப் பெயரைக் கத்தினேன். இரண்டு தரம் கத்தினேன். மூன்றாவது தரத்துக்குள் அம்மா என் வாயைப் பொத்திவிட்டார்.

ஆச்சி மெதுவாகக் கேட்டார். “ஏங்க, ஒங்க நாத்தனா எல்லாரு பேரயும் சொல்றாக. அந்த ஆறாம் நம்பரு பேர மட்டும் வாயில எடுக்க மாட்டேங்குறாகளே, கவனிச்சீகளா?”

அம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் கட்டியவர் பெயரைச் சொல்வதில்லை, ‘அவுக’ என்பதோடு சரி. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் அம்மா என்னைப் பார்ப்பார், நான்தான் சொல்வேன். ஆச்சியின் வீட்டுக்காரருக்கு முருகன் பெயர். அதனால் ஆச்சி குன்றக்குடி மலையில் நின்று சாமியையே “மலைமேல இருக்கவுகளே” என்றுதான் கூப்பிடுவார். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இது கல்யாணமானவர்களுக்கு உள்ள வழக்கம். அத்தைக்குத்தான் கல்யாணமே ஆகவில்லையே. அதனால் அந்தப் பக்கமே என் புத்தி போகவில்லை.

கடைசி நிமிஷம். சாக்கோட்டை ஒரு புள்ளி பின்னால். ஆறாம் எண் பாடிப் போய் ஒருவரைத் தொட்டார், திரும்புவதற்குள் நாலு பேர் மேலே விழுந்தார்கள். நாலு பேரையும் முதுகில் சுமந்துகொண்டு நடுக்கோட்டை நோக்கி அவர் ஊர்ந்தார். அத்தையின் குரல் நின்றுபோனது. மைக் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். கை நீண்டது, கோட்டைத் தொட்டது. அதுவரை அச்சடித்த தமிழில் பேசிக்கொண்டிருந்த அத்தை வீட்டுப் பேச்சில் அலறினார்.

“அவுக தொட்டுட்டாக! அய்யோ மாதாவே, அவுக வந்துட்டாக!”

நான் குதித்தேன். திரும்பிப் பார்த்தால் கூடக் குதிக்க ஒருவரும் இல்லை. அம்மா எழுந்து போய் டிவி சத்தத்தைக் குறைத்தார். ஆச்சி, “அடுப்புல பால வச்சுட்டு வந்தேன்,” என்று எழுந்துகொண்டார். மூன்று மணியிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், எந்தப் பால் என்று தெரியவில்லை. அப்பா ஒருவழியாகப் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அத்தை வீட்டுக்கு வந்தபோது யாரும் நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. நான் மட்டும்தான் சொன்னேன். அந்தக் கேசட்டைத்தான் சென்னைக்கு அனுப்பினார், வேறு கேசட் கிடையாது. முந்தைய ஆட்டங்களின் மேலெல்லாம் கேபிள்காரர் சினிமாவைப் பதிந்துவிட்டிருந்தார். அன்றோடு அப்பா அத்தையை மைக் பிடிக்கப் போக வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் சாக்கோட்டையிலிருந்து இரண்டு பெரியவர்கள் வேட்டி சட்டையில், வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார்கள். அப்பா வாசலிலேயே நின்று தணிவாகப் பேசினார். “ஒங்க குடும்பத்து மேல ஒரு குறையும் சொல்லலீங்க. நாங்க மாதா கோயிலுக்குப் போறவுக, நீங்க மலைக்குப் போறவுக. இது சரியா வராது,” என்றது என் காதில் விழுந்தது. குன்றக்குடிக்குச் சேர்ந்து போகக் கூப்பிட்டார்கள், அப்பா வர மாட்டேன் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா போட்ட காப்பியை அவர்கள் குடிக்காமல் போனதில்தான் எனக்கு வருத்தம், உள்ளே இருந்த மிக்சரையும் யாரும் வெளியே எடுக்கவில்லை. அத்தை கொல்லையில் கிணற்றடியில் நின்றிருந்தார். கோழிகள் காலைச் சுற்றின. ஒன்றையும் பெயர் சொல்லி விரட்டவில்லை.

பிறகு சென்னையிலிருந்து கேசட் திரும்பி வந்தது, கூடவே ஒரு கடிதமும். குரலும் ஆட்ட ஞானமும் அருமை, ஆனால் அதிகப் புள்ளி எடுத்தவரின் பெயரை ஆட்டம் முழுக்க ஒருமுறைகூடச் சொல்லவில்லை, இது பெரிய குறை, சரிசெய்து மறுபடி அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். கேபிள்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். ஆட்டத்தைக் கடையில் ஓடவிட்டு, அத்தை மைக்கில் பேசினால் பழைய குரலுக்கு மேல் புதுக் குரலைப் பதிந்துவிடலாம், ஒரு மணி நேர வேலை என்றார்.

ஆச்சரியம், அப்பாவே ஒத்துக்கொண்டார். அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். “போயி அந்தப் பேரச் சொல்லிட்டு வா ஆத்தா. ஊர் வாயும் அடங்கும், நீயும் மெட்ராஸ் போகலாம். நானே கொண்டுபோயி விடுறேன்.”

அப்பா எவ்வளவு நல்லவர் என்று நான் பூரித்துப்போனேன். துணைக்கு நானும் போனேன்.

கேபிள் கடையின் பின்னறையில் டிவியில் ஆட்டம் ஓடியது. அத்தை மைக்கைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குப் போலவே வெளுத்து வாங்கினார். ஆரோக்கியம், செல்வராசு, பாண்டி எல்லாரும் வந்தார்கள். ஆறாம் எண் நடுக்கோட்டைத் தாண்டினார். அத்தை வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கேபிள்காரர் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். மறுபடியும் ஒன்றும் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கேசட் அட்டையின் பின்பக்கம் அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி அத்தை முகத்துக்கு நேரே பிடித்தேன். அப்படியும் சொல்லவில்லை. எழுத்து சரியில்லையோ என்று, கிட்டப் போய்க் காதில் சொன்னேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். “இன்னொருக்கா சொல்லு,” என்றார்.

சொன்னேன்.

“இன்னொருக்கா.”

மனப்பாடம் செய்கிறார் என்று நினைத்து நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அத்தை கண்ணைத் திறந்து, மைக்கை மேசைமேல் வைத்தார்.

“நிப்பாட்டிருங்கண்ணே.”

“பேருதானே தங்கச்சி? ஒரே ஒருக்காச் சொன்னாப் போதும், மெட்ராசு.”

“அதாண்ணே முடியல.”

நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் அத்தை என் கையை விடவில்லை. மெட்ராஸ் போகாதது ஒருவகையில் நல்லதுதான், தலை பின்ன ஆள் இருக்கிறது என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். அதை நினைத்தால் இன்று கூசுகிறது.

அந்தச் சந்தோஷமும் நீடிக்கவில்லை. ஆறு மாதத்தில் திருச்சியில் ஒரு வாத்தியார் குடும்பத்தில் அத்தைக்குக் கல்யாணம். நம் கோயில், நம் சனம். மாமா தங்கமானவர், இன்றுவரை ஒரு குறை சொல்ல முடியாது. அடுத்த முழுப்பரீட்சை லீவுக்கு என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். தெருவில் பையன்கள் கபடி ஆடினார்கள். வர்ணனை சொல்லுங்கள் என்று அத்தையைக் கெஞ்சினேன். “தொண்டை கட்டியிருக்குடீ,” என்றார். நான் இருந்த பதினைந்து நாளும் அந்தத் தொண்டைக்கட்டு விடவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குப் பரம திருப்தி. அங்கிருந்து திரும்பிய அன்று மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அந்த நல்ல சேதியை முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று முந்திக்கொண்டேன்.

“அப்பா, அத்தைக்கு இப்ப மறதியே இல்லப்பா. மாமா பேர பால்காரர்கிட்ட, பக்கத்து வீட்டுல, எல்லார்கிட்டயும் டக்கு டக்குன்னு சொல்லுறாக. மாமியார் மொறைக்கிறாக, அப்பயும் சொல்லுறாக. ஒருதரம்கூடத் திக்கல.”

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். அப்பா பிசைந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மருந்து மாத்திரை ஏதும் இல்லாமலே தங்கச்சிக்குக் குணமாகிவிட்டது, இதற்குப் போய் ஒரு மனுஷர் சாப்பாட்டை விட்டு எழுந்திருப்பாரா என்று எனக்கு ஒரே குழப்பமாக இருந்தது.