துணி இல்லாத பூ

எந்தப் புடவையைப் பார்த்தாலும் கலையரசிக்கு அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும். கல்யாண வீட்டிலும் பக்கத்தில் இருப்பவரின் முந்தானையை நைசாகப் புரட்டி, நூல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பாள். வடக்கனந்தலிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து, ராஜாம்பாளின் கடையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஓட்டுகிறாள். ஜாக்கெட் கைகளுக்குப் பூவும் மயிலும் போடுகிற வேலை.

ஒருநாள் நூல் பார்சலில் கண்ணாடி மாதிரித் தாள் ஒன்று சாம்பிளாக வந்தது. ஏதோ கவர் என்று ராஜாம்பாள் ஓரமாகப் போட்டுவிட்டார். கலையரசி ஈரக் கையோடு அதை எடுத்தாள். விரல் பட்ட இடம் ஓட்டையாகிவிட்டது.

“இன்னாக்கா இது, கரையுது!”

போனில் தேடினாள். அதன்மேல் பூப்போட்டுத் தண்ணீரில் நனைத்தால், தாள் கரைந்து நூல் மட்டும் நிற்குமாம். துணியே இல்லாமல் பூ எப்படி நிற்கும்? மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. தாளை ஃபிரேமில் இறுக்கி, ஜாக்கெட்டுக்குப் போடும் பூ ஒன்றை ஓடவிட்டாள். கிண்ணத்துத் தண்ணீரில் போட்டதும் தாள் கரைந்தது. கூடவே பூவும் பிரிந்து சேமியா போல மிதந்தது.

“நூலு தண்டமாப் போச்சு,” என்றார் ராஜாம்பாள்.

“இருங்கக்கா. இத்தினி நாளா துணிதான் இதழையெல்லாம் புடிச்சிக்கினு இருந்திருக்கு. இனிமே அந்த வேலைய நூலே பாக்கணும்.”

கம்ப்யூட்டரில் பூவுக்கு அடியில் கொசுவலை போலக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் வரைந்தாள். இதழ்களை ஒன்றையொன்று தொடவைத்தாள். இந்தமுறை பூ நின்றது. அரைகுறையாக அலசியதில், கஞ்சி போட்டதுபோல விறைப்பாகவும் இருந்தது.

கடையில் கொக்கி தைக்கும் நிர்மலா அதை வாங்கிப் பார்த்தாள். கவரிங் கம்மல் போட்டாலே அவளுக்குக் காது புண்ணாகிவிடும். துளை தூர்ந்துவிடாமலிருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தாள்.

“கலை, இத்தக் காதுல போட முடியுமா?”

அதுவரை கலையரசிக்கு அது தோன்றவே இல்லை. நடுவில் சிறு துளை விட்டு ஒரு ஜோடி போட்டாள். நிர்மலாவின் வேப்பங்குச்சி பூவின் துளைக்குள் இறுக்கமாக நுழைந்தது. காதுக்குப் பின்னால் நூல் வட்டம் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது. நிர்மலா கண்ணாடியை விட்டு நகரவில்லை.

சாயங்காலம் கல்வராயன் மலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. மறுநாள் நிர்மலா வந்தபோது இதழ்கள் துவண்டு தொங்கின.

“வூட்டுக்குப் போறதுக்குள்ள சோந்துபோச்சு, கலை. ஆனா அரிப்பே இல்ல.”

விறைப்பு நூலுடையது அல்ல, மிச்சமிருந்த தாளுடையது என்று கலையரசிக்கு அப்போதுதான் விளங்கியது. வலைத் தையலை நெருக்கி, ஓரத்துக்கு இரட்டைத் தையல் கொடுத்து, வெந்நீரில் தாளை முழுக்கக் கரைத்தாள். காயவைத்தாள், மறுபடி நனைத்தாள், மறுபடி காயவைத்தாள். பூ நிமிர்ந்தே இருந்தது. சின்னசேலத்தில் அக்கா மகள் கல்யாணத்துக்கு நிர்மலா அதைத்தான் போட்டுக்கொண்டு போனாள்.

“தாளு ரோலாவே வரச் சொல்லிட்டேன். மொதல்ல அந்த ஜாக்கெட்ட முடி,” என்றார் ராஜாம்பாள்.

முடித்துக்கொடுத்துவிட்டுக் கலையரசி பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். வேலிக் கம்பியில் ஒரு தட்டான் உட்கார்ந்திருந்தது. கண்ணாடிச் சிறகு, உள்ளே மெல்லிய கோடுகள். எந்தக் கோடு எதைத் தாங்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வடக்கனந்தல் பஸ் வந்து நின்றுவிட்டுப் போயிற்று.