நல்ல கண்

அம்மாவின் வலக்கண்ணில் விழித்திரை கழன்றபோது எனக்கு ஒன்பது வயது. சத்திரசிகிச்சை செய்த டொக்டர் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருந்தார். அது விழித்திரையைப் பிடித்துவைத்திருக்க, அம்மா பத்து நாட்கள் குப்புறவே இருக்க வேண்டும். குமிழி கரையும்வரை விமானத்தில் ஏறவே கூடாது, ஏறினால் பார்வை போய்விடும் என்றார். அம்மாவின் கைப்பையில் யாழ்ப்பாணம் போக எடுத்த ரிக்கற் இருந்தது. அங்கே மாமா, தாயில்லாத வீட்டில் அம்மா தூக்கி வளர்த்த ஒரே தம்பி, ஈரல் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

ஸ்காபரோவில் எங்கள் பேஸ்மென்ற் வீட்டுக்கு ஒரு நாற்காலி வாடகைக்கு வந்தது. முகத்தைப் புதைக்க அதில் வட்டமாக ஓர் ஓட்டை. அம்மா அதில் கவிழ்ந்திருப்பார். நான் கீழே மல்லாந்து படுத்து அவர் முகத்தைப் பார்த்துக் கதைப்பேன். அப்பா பிறம்ரனுக்கு வெயர்ஹவுஸ் வேலைக்குப் போய்விடுவார். எனக்குக் கோடை விடுமுறை. ஆகவே நான்தான் நேர்ஸ், நான்தான் பொலிஸ். அம்மா தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினாலும் அதட்டுவேன். பொய் சொல்வானேன், அந்த அதிகாரம் எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

நாலாம் நாள் மாமா செத்துப்போனார். அப்பா என்னைக் காருக்குள் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. அழுது தலையை நிமித்தினாவெண்டால் கண் போயிடும்."

அம்மா கேட்டால் மாமாவின் ஃபோன் உடைந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமாம். அடுத்த நாள் காலை அம்மா கேட்டார். நான் கூசாமல் சொன்னேன். திருத்துவதற்குச் சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்று என் கைச்சரக்கையும் சேர்த்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் ஒஷாவாவிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். வேலைநாளில் வந்தவர்கள் வெயிலைப் பற்றி மட்டும் கதைத்தார்கள். அப்பா சொல்லிவைத்தபடி ஒரு வார்த்தை பிசகவில்லை. எழும்பும்போது மட்டும், செத்தவீட்டிலிருந்து எழும்புகிற பழக்கத்தில், 'போட்டு வாறம்' என்று சொல்லாமலே படியேறிவிட்டார்கள். எவ்வளவு மரியாதையில்லாத சனம் என்று நினைத்தேன். அதன் பிறகு அம்மா மாமாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் சொன்ன பொய் அவ்வளவு திறமாக இருந்திருக்கிறது என்று எனக்கு ஒரே புழுகமும் பெருமையும்.

மறுநாள் நான் கீழே படுத்திருந்தபோது என் கன்னத்தில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. வலக்கண்ணைப் பிளாஸ்ரிக் மூடி மூடியிருந்தது. துளி இடக்கண்ணிலிருந்து வந்தது. நான் வலக்கண்ணுக்கு விட்ட மருந்து மண்டைக்குள்ளால் ஓடி மற்றப் பக்கத்தால் வருகிறது என்று முடிவுகட்டினேன். மருந்தை வீணாக்காதேங்கோ என்று அம்மாவை அதட்டினேன்.

"ஓம் பிள்ளை, இனி வீணாக்கமாட்டன்."

ஆனாலும் விழுந்தது. மூன்று நாட்கள் தரையை ரிஷ்யூக் கடதாசியால் துடைத்தேன். பிறகு, வேலையால் வந்த அப்பாவைப் படியிலேயே மறித்து, மருந்து ஒழுகுகிறதென்று முறைப்பாடு செய்தேன்.

"எந்தக் கண்ணாலை?" என்று கேட்டார்.

"நல்ல கண்ணாலை."

அப்பா சாப்பாட்டுப் பையோடு படியில் குந்திவிட்டார். பிறகு உள்ளே போய், நாற்காலிக்குக் கீழே நான் படுக்கிற இடத்தில் சப்பாத்தோடு படுத்தார். அம்மா மேலிருந்து கேட்டார்.

"எப்பயப்பா எடுத்தவை?"

சுடலைக்கு எடுத்த நாள் செவ்வாய்க்கிழமை என்று அப்பா சொன்னார். நான் அத்தனை நாள் காப்பாற்றிய இரகசியத்தை இந்த மனிசன் ஒரு நிமிடத்தில் உடைத்துவிட்டாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பத்து நாட்களும் அம்மா தலையை நிமிர்த்தவில்லை. அப்படியிருந்தும் அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை. விமானத்தில் ஏறலாம் என்று டொக்டர் சொன்னபோது போய்ப் பார்க்க அங்கே ஆளில்லை. அந்த மூன்று பகலும் கட்டிப்பிடித்து அழ அம்மாவுக்கு வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.