புத்தகத்தில் பெய்த மழை

செம்பில் செய்த மழைமானி அது. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால், முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவே நின்றது. மேலே புனல், உள்ளே ஒரு போத்தல். தினமும் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டு கலைந்ததும் போத்தலில் விழுந்த மழையை அளந்து, ஆபீசிலிருக்கும் மழைப் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுபதுகளின் கடைசியில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இரண்டாம் கிளாக்கராகச் சேர்ந்த வாரம், அந்தப் புனலுக்குள் எட்டிப் பார்த்தேன். குளவி கூடு கட்டியிருந்தது. புத்தகத்திலோ ஒரு நாள் விடாமல் மழையளவு இருந்தது.

எழுதியவர் எங்கள் பெரிய கிளாக்கர். அட்டை கடிக்கும் என்று புல்லில் கால் வைக்கமாட்டார். போன வருஷத்துப் புத்தகத்தை விரித்து, அதே தேதியில் இருப்பதைப் பார்த்து, கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதிவிடுவார். போன வருஷத்தை அதற்கு முந்தின வருஷத்தைப் பார்த்து எழுதியிருந்தார். "மழ எங்க தம்பி போயிரப் போவுது? போன வருசம் பேஞ்சதுதான் இந்த வருசமும் பேயும்" என்பார். ஒருமுறை பெப்ரவரி இருபத்தொன்பது வந்து தொலைத்தது. போன வருஷத்தில் அந்தத் தேதியே இல்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்தவர், "சரி, நேத்து எழுதுனதையே போடுவோம்" என்றார். மண்டையைப் பிளக்கும் வெயிலடித்த அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் அரை அங்குலம் மழை பெய்தது. இந்த மனுஷனுக்குத்தான் நான் தினமும் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன்.

அந்த வருஷங்களில்தான் மலை உச்சிக் காட்டை வெட்டித் தொழிற்சாலைக்கு விறகாக்கினார்கள். காடு இருந்தவரை மூட்டம் அங்கே தங்கும். இலை இலையாகச் சொட்டி மண்ணுக்குள் இறங்கும். அதுதான் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குப் பக்கத்தில், மலைநீர் பிடிக்கும் பீலியில் தண்ணீராக விழுந்தது. காடு போனதும் மூட்டம் நிற்காமல் போனது. மாசியும் பங்குனியும் வழக்கத்துக்கு மேலே காய்ந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனியில் பீலி சொட்டுச் சொட்டாகி, பிறகு நின்றேபோனது.

பெண்கள் வெறுங்குடத்தோடு ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள். ஐந்தாம் லயத்து அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றார். அடுத்த மலை ஓடையிலிருந்து குழாய் போட்டுத் தரவேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. தோட்டத்தை நடத்தும் தொரை மழைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பெரிய கிளாக்கர் பவ்யமாக விரித்துக் காட்டினார். கடைசி இலக்கம் தவிர, போன பங்குனி மழையும் இந்தப் பங்குனி மழையும் அச்சு அசலாக ஒன்று. மழை குறையவில்லை, தண்ணீரை இவர்கள்தான் வீணாக்குகிறார்கள் என்று தொரை முடிவு சொன்னார்.

"பொஸ்தகத்துல பேஞ்ச மழைய எந்தப் பீலியிலங்க ஐயா போயிப் புடிக்கிறது?" என்று அக்கா கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். குழாய் வரவில்லை. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் கீழ்க்கான் வாய்க்காலில் தண்ணீர் அள்ளினார்கள். லயத்தில் வயிற்றோட்டம் பரவியது. அக்காவின் குழந்தை நாலாம் நாள் இறந்தது. பெரிய கிளாக்கர் அன்றைக்கும் மழை எழுதினார்.

அவர் ஓய்வு பெற்றபோது, ஒரு நாள்கூடத் தவறாத பதிவு என்று புகழ்ந்து தொரை மாலை போட்டார். அவர் நாற்காலிக்கு நான் வந்தேன். குளவிக்கூட்டைத் தட்டிவிட்டு, அட்டைக்கடியோடு ஒரு மாதம் உள்ளதை உள்ளபடி அளந்து எழுதினேன். பழைய அளவில் பாதிகூட இல்லை. தொரை என்னைக் கூப்பிட்டு, "அவர் இருக்கிறப்ப நல்லா பேஞ்ச மழை, ஒங்க கைக்கு வந்ததும் கொறையுதா? அளக்கத் தெரியாதா?" என்றார். மறுநாள் காலையில் நான் போன வருஷத்துப் புத்தகத்தை விரித்தேன். அதன் பிறகு மூடவேயில்லை.

எங்கள் மலையில் விழும் தண்ணீர் ஆறாகி, கீழே பொல்பிட்டிய ஊரைத் தாண்டிக் கொழும்புக்குப் போகிறது. இப்போது அந்த நகரம் ஒரு மாதம் வெள்ளத்தில் மிதக்கிறது, இன்னொரு மாதம் குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. காலநிலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்து, நகரத்துக்குத் தண்ணீர்த் திட்டம் போடுகிறார்களாம். அதற்காக ஒரு பெண் பொறியியலாளர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் தோட்டத்துப் பழைய மழைப் புத்தகங்கள் முழுவதையும் கணினியில் ஏற்றியிருந்தார்.

"எங்களுக்குக் கிடைச்சதிலேயே உங்கட தோட்டத்துப் பதிவுதான் அங்கிள் நல்லது. வருஷத்துக்கு வருஷம் அப்படியே ஒத்துப் போகுது" என்றார். திரையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்த ஒரு மாசம் மட்டும் சரியா அளக்கயில்ல போல. பிழையெண்டு எடுத்துட்டம்."

நான் அளந்த மாதம் அது. பெரிய கிளாக்கரை நாற்பது வருஷமாக மனசுக்குள் திட்டித் தீர்த்த நான், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்படியாம்மா" என்றேன்.