நெட்வொர்க் கார்டுக்கு வைத்த பொட்டு

மாத்தளைக்குப் பக்கத்தில், பல்லேபொலயில் எங்கள் வீட்டு முன்னறை மூலையில், பழைய உதிரிகளைக் கொண்டு நானே கூட்டிய கணினி ஒன்று இருந்தது. அதற்குத் திரையும் சீடி எழுதும் கருவியும் கிடையாது. வீட்டுப் படங்களைச் சேமித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. மேசைக் கணினியிலிருந்து கேபிள் வழியாகத்தான் அவற்றை எடுக்க முடியும்.

தங்கை விசா நேர்முகத்துக்குக் கொழும்பு போவதற்கு முந்தைய நாள் காலையில் அந்த வழி அடைபட்டது. மாப்பிள்ளை கனடாவில் இருந்தார். இவர்களுக்குக் கல்யாணம் நடந்தது உண்மைதான் என்று முன்பின் தெரியாத ஓர் அதிகாரிக்குப் படம் காட்டி நிரூபிக்க வேண்டுமாம். அதை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆல்பம் மாப்பிள்ளையோடு போய்விட்டது. மற்றப் படங்களெல்லாம் அந்தப் பெட்டிக்குள். பெட்டியையே தூக்கிக்கொண்டு மாத்தளையில் கணினி திருத்தும் கடைக்குப் போகலாம்தான். ஆனால் ஒயர் தொங்கும் பெட்டியோடு யுத்தகாலச் சோதனைச் சாவடியில் போய் நிற்க எனக்குத் துணிவில்லை.

பெட்டியின் பின்னால் கேபிள் செருகும் நெட்வொர்க் கார்டின் பச்சை விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தது. நான் எதையும் வரிசையாகச் செய்கிறவன். சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியின் பின்னால் கையை விட்டுத் தடவியே கேபிளை மாற்றினேன். இரண்டு கணினிகளையும் இணைக்கும் ஹப்பில் வேறு துளையில் செருகிப் பார்த்தேன். திரையொன்றை மாட்டி டிரைவரை நீக்கிப் புதிதாகப் போட்டேன். எதற்கும் அசையவில்லை. கடைசியாகப் பெட்டியை வெளியே இழுத்துக் கார்டைக் கழற்றியபோதுதான் கேபிள் செருகும் வாய் கண்ணில் பட்டது.

உள்ளே மஞ்சளும் சிவப்புமாகச் சேறு. காய்ந்து வெடித்து, மழைக்கால ஈரத்தில் மறுபடியும் குழைந்திருந்தது. எறும்புகள் அதில் ஒட்டிச் செத்துக் கிடந்தன. கம்பிகளில் பச்சைக் களிம்பு. பன்னீரும் கரப்பான் எச்சமும் கலந்த வாடை.

எங்களோடு தங்கியிருந்த என் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சரஸ்வதி பூசைக்கு எல்லாச் சாமானுக்கும் பொட்டு வச்சேன்தானே மச்சான், அதுதான்."

"கேபிளப் புடுங்கிட்டு உள்ளுக்கா வைப்பாங்க?"

"மேல வச்சா நீங்க தொடச்சிப்புடுறீங்க. போன வருசம் அப்பிடித்தானே செஞ்சீங்க? அதான் ஒங்க கண்ணுல படாத எடமா பாத்து வச்சேன்."

"நல்லா வச்ச போ!" என்றாள் தங்கை. "இப்ப நான் என்னத்தக் காட்டுறது? இந்தக் கார்டையா?"

நான் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். களிம்போடு இரண்டு கம்பிகளும் ஒடிந்து வந்தன. கார்டைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாத்தளைக் கடையை நடத்தும் முஸ்லிம் நானா அதைப் பிரித்துப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதென்ன சேர், கார்டுக்கும் கல்யாணம் செஞ்சி வச்சீங்களா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் கொடுத்த பழைய கார்டை வாங்கிவந்து மாட்டினேன். விளக்கு நிலையாக எரிந்தது. படங்கள் ஒவ்வொன்றாக மேசைக் கணினிக்கு வந்தன. தங்கை பக்கத்தில் நின்று பொறுக்கினாள்.

"ரெண்டு பேரும் நெருக்கமா நிக்கிறது வேணுமாம் அண்ணே. விசா ஏஜென்சியில சொன்னாங்க."

தங்கையும் மாப்பிள்ளையும் எவ்வளவு நெருங்கி நின்றார்கள் என்று அண்ணன்காரன் உட்கார்ந்து தேட வேண்டியிருந்தது. தேடினேன். சீடியில் எழுதி, நல்லதாகச் சிலவற்றை அச்சிட்டும் கொடுத்தேன்.

மறுநாள் திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "சரின்னுட்டாங்க அண்ணே. தாலி கட்டுற படத்த மட்டும் அந்த அதிகாரி ரொம்ப நேரம் பாத்தான். மாப்பிள்ள ஏன் சிரிக்கலன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"கண்ணுல ஓமப் பொகைன்னு சொன்னேன். அதையும் எழுதிக்கிட்டான்."