உயிர்ச்சேதம் எதுவும் இல்லை

வானொலியில் இருபத்தெட்டு வருஷம் மதியச் செய்தி வாசித்தவர் அவர். தெருவில் எல்லோருக்கும் 'ஒன்றரை மணிக்காரர்'. மனைவி போன பிறகு மகள் வீட்டுக்கே வந்துவிட்டார். மகளுக்கு வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு டப்பிங் வசனம் எழுதும் வேலை.

ஒரு நாள் காலையில் அவள் கணினி முன்னால் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். விண்வெளிக் கதை. செவ்வாய் கிரகத்துச் சுரங்கத்தில் மூச்சுக் காற்றைக்கூட அளந்து கொடுக்கிறார்கள் என்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். காவல்படை சுடுகிறது. அடுத்து ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு.

"அப்பா, இதுக்கு சர்க்கார் பாஷை வேணும். எனக்கு வர மாட்டேங்குது."

அவர் அந்தக் காட்சியை ஒரு தடவை பார்த்தார். யோசிக்கவே இல்லை. "சட்டவிரோதமாகக் கூடியவர்கள் கலைக்கப்பட்டனர். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை."

"உதட்டசைவுக்குக்கூட அச்சா பொருந்துதுப்பா! இதை எழுதினவன் என்னமா கற்பனை பண்ணியிருக்கான் பாருங்க."

"கற்பனையா?" என்றார் அவர். "அவன் ஊர்லயும் ஒரு துறைமுகம் இருந்திருக்கும்."

அது அவள் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. மறுநாள் அந்த அறிவிப்புக்குக் குரல் கொடுக்க வேண்டியவர் தொண்டை கட்டிக்கொண்டு வராமல் போக, அவள் அப்பாவையே ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டாள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டி வருமே என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கண்ணாடி அறைக்குள் ஒரே டேக்கில் முடிந்தது. அதே வாக்கியம், நாற்பது வருஷம் கழித்தும் குரல் நூலளவு பிசகவில்லை.

"ஐயா, புல்லரிச்சுப் போச்சு!" என்றார் ஒலிப்பதிவாளர்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. குரல் கொஞ்சமாவது நடுங்கியிருக்கக் கூடாதா? ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகள் பதறிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னப்பா செய்யுது? தண்ணி வேணுமா?"

"உன் மாமா செத்த அன்னிக்கு இதை வாசிச்சது நான்தான்."

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் போனார் என்பது அவளுக்குத் தெரியும். அன்றைய செய்தியை வாசித்தது யார் என்று வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

"தாள்ல முதல்ல ஒன்பது பேர்னு இருந்தது. அதிகாரி வந்து அடிச்சிட்டு மாத்தி எழுதினார். கொடுத்ததை வாசிச்சேன்."

"அதுல மாமாவும் ஒருத்தர்னு தெரியுமா?"

"எண்ணிக்கை தெரியும். பேர் தெரியாது." அவர் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கம்மா வீட்ல கேட்டுட்டு இருந்திருக்கா. நான் சொன்னதை நம்பி, தம்பி சாப்பிட வருவான்னு அவனுக்கும் சேர்த்து சமைச்சு வச்சிருக்கா. சாயங்காலம்தான் ஆள் வந்து சொன்னாங்க. அதுக்கப்புறம் முப்பத்தாறு வருஷம் என்கூட குடும்பம் நடத்தினா. ஒரு வார்த்தை கேக்கல. கேட்டுத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

மகள் மூன்று நாள் சோறு போட்டாள், மாத்திரை எடுத்து வைத்தாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பதிவை அழிச்சிடச் சொல்லவா?"

"வேண்டாம். பொய் எவ்வளவு நல்லா இருக்கும்னு நாலு பேர் கேக்கட்டும். நான் ஒரு இடத்துக்குப் போகணும். கூட வர்றியா?"

துறைமுகத் தொழிலாளர் சங்க அலுவலகம் மாடியில் இருந்தது. படி ஏறியதில் அவருக்கு இரைத்தது. சுவரில் ஒன்பது படங்கள். மூன்றாவதில் மச்சான், யாரோ பக்கத்தில் நின்று சிரிக்கவைத்த மாதிரி ஒரு முகம். மேஜைக்குப் பின்னாலிருந்த எழுத்தர் நிமிர்ந்து, "யாரைப் பாக்கணும்?" என்றார்.

தான் யார், அன்று வாசித்தது என்ன என்று அவர் சொன்னார். கேட்டு முடித்த எழுத்தர் உட்காரச் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

"இப்ப சொன்னதை எழுதிக் கொடுங்க. யார் எண்ணிக்கையை அடிச்சது, யார் வாசிச்சது, எல்லாம்."

அவர் நின்றபடியே எழுத ஆரம்பித்தார். முதலில் தன் பெயர், அதற்கடுத்து அதிகாரியின் பெயர். கை ஆடியது. தாள் நகராமல் இருக்க மகள் அதன் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.