ஆஞ்சநேயர் பெண் பார்க்க வந்த நாள்

எங்கள் அத்தையைப் பெண் பார்க்க ஈப்போ ஊரிலிருந்து வந்தவர்களைத் தாம்சன் சாலை நீர்த்தேக்கத்துக்கு வரச் சொன்னது அப்பாவின் யோசனை. சிராங்கூன் சாலையில் ஒரு கடையின் மாடியில், பலகை அடித்துப் பிரித்த அறையில் நாங்கள் குடியிருந்தோம். பலகைக்கு அந்தப் பக்கத்துக் குடும்பத்தில் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் நூறாயுசு சொல்வோம். அங்கே சம்பந்திகளை எப்படி உட்கார வைப்பது? "ஏரிக்கரை, மரநிழல், நல்ல காத்து. ஈப்போக்காரங்க அசந்துருவாங்க லா" என்றார் அப்பா.

எனக்கு அப்போது எட்டு வயது. புதுப் பாவாடை கிடைத்ததால் இந்தக் கல்யாணத்தில் எனக்கு முழுச் சம்மதம். அத்தை ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வகுப்புப் பிள்ளைகள் முதன்முதலாக "டீச்சர்" என்று கூப்பிட்ட அன்று, அந்த ஒரு சொல்லையே வீட்டில் விதவிதமாகச் சொல்லிக் காட்டி அம்மாவைப் படுத்தி எடுத்தாள்.

நாங்கள் முன்னதாகவே போய்ப் பாய் விரித்தோம். காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பெரியவர் வந்து, தின்பண்டங்களை மூடி வைக்கச் சொன்னார். குரங்குகளுக்கு எதுவும் போடக்கூடாது, பழக்கிவிட்டால் காட்டில் இரை தேடுவதை விட்டுவிட்டு மனிதர்களிடம் பறிக்கத் தொடங்கும், அது இரண்டு பேருக்கும் கெடுதல் என்றார். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அத்தை மட்டும் மலாயில் கேள்விமேல் கேள்வி கேட்டாள். எதைக் கண்டால் இறங்கி வரும்? வாழைப்பழமா? எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்துவிடும்? இவ்வளவு அக்கறையான பெண்ணை அவர் அதுவரை பார்த்ததில்லை போலும். பூரித்துப் போய் எல்லாவற்றையும் விளக்கினார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அவர்கள் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா பேசினார். "நாங்க கடை வச்சிருக்கோம். எங்க வீட்டுப் பொண்ணுங்க வேலைக்குப் போற வழக்கம் இல்ல. படிப்பை இத்தோட நிப்பாட்டிடட்டும்."

அப்பா பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். அத்தை எழுந்து போய், துண்டு போட்டு மூடியிருந்த வாழைப்பழச் சீப்பைத் தாம்பூலத் தட்டோடு கொண்டுவந்து அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை, மூடச் சொன்னாரே!" என்றேன்.

"காத்துப் படட்டும்டி. பழம் வெந்துடும்" என்றாள்.

காற்றோடு குரங்குகளும் வந்தன. ஒன்று சீப்பைத் தூக்கியது. ஒன்று தாம்பூலத் தட்டிலேயே ஏறி உட்கார்ந்தது. பெரிய தாட்டான் குரங்கு ஒன்று அந்த அம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுக்க, சவுரி கையோடு வந்துவிட்டது. அதை மோந்து பார்த்துவிட்டு மரத்தின் உச்சிக்கு ஏறியது. மாப்பிள்ளை காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பா சமாளிக்கப் பார்த்தார். "நல்ல சகுனம்மா! ஆஞ்சநேயரே நேர்ல வந்து ஆசீர்வாதம் பண்ணிட்டாரு!"

தலையைப் பொத்திக்கொண்டு நின்ற அந்த அம்மா கத்தினார். "ஆஞ்சநேயர் கட்டைப் பிரம்மச்சாரி லா! கல்யாணப் பேச்சு நடக்கிற இடத்துல அவருக்கு என்ன வேலை? வேணாம்னு சொல்லத்தான் வந்திருக்காரு!"

சொல்லிவிட்டுப் போய்க் காரில் ஏறினார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

திரும்புவதற்குப் பஸ் ஏறினோம். அத்தை சன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தாள்.  "அழாதீங்க அத்தை, வேற மாப்பிள்ளை வருவாரு" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் இன்னும் பலமாகக் குலுங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பாவம் அத்தை என்று நானும் அவள் மடியில் விழுந்து, வீடு வந்து சேரும்வரை அழுதேன்.