பனிக்குள் விழுந்த கோல்

காவேரி வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கல்லூரியில் மைதானமே கிடையாது. ஓசூரிலிருந்து கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் வழியில், பாறையை வெடிவைத்துச் சமன்செய்த மேட்டில் புதுக் கட்டடம். அதன் பின்னால் ஒரு பொட்டல்.

"இதான் மேடம் கிரவுண்டு. நீங்கதான் உண்டாக்கணும்" என்று முதல்வர் கையை நீட்டினார்.

அங்கே கல்லும் முள்ளும்தான் இருந்தன. காவேரிக்கோ அப்போதே கோடுகளும் கம்பங்களும் ஓடுகிற கால்களும் தெரிந்தன. சாமல்பட்டிப் பள்ளியில் பந்து போட்டுப் பழகிய நாளிலிருந்தே அவள் கண் அப்படித்தான். பந்து கையை விட்டுக் கிளம்புமுன் அது போகும் வழி உள்ளே ஓடிவிடும். பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிவரை அவளைக் கொண்டுபோனதும் அந்தக் கண்தான்.

மாணவிகளுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுக்கத்தான் அவளை எடுத்திருந்தார்கள். கல் பொறுக்கி, முள் வெட்டி மைதானம் தயாரான பிறகு ஒரு சாயங்காலம், ஜவளகிரியிலிருந்து படிக்க வந்த மாணவன் பிரகாஷ் நண்பர்களோடு வந்து நின்றான்.

"மேடம், ஃபுட்பாலுக்கு யாருமே இல்ல. நீங்க வாங்களேன்."

"எனக்கு ஃபுட்பால் தெரியாதேப்பா."

"எங்களுக்கும் தெரியாது மேடம்."

சிரிப்பை அடக்க முடியாமல் அவள் சரி என்றுவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டுத் தரையில் கொண்டைக்கடலை ஓர் அணி, மொச்சை ஓர் அணி. உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த கணவன் சிவராஜ் வாசலிலேயே நின்று பார்த்தான்.

"இது சமையலா, மேட்ச்சா?"

அவள் ஒரு மொச்சையை முன்னால் தள்ளினாள். அவனும் உட்கார்ந்து ஒரு கடலையை நகர்த்தினான். "இவன் எதுக்கு சும்மா நிக்கிறான்?"

கூடைப்பந்தில் தெரிந்ததையே அவள் பையன்களுக்குச் சொன்னாள். பந்தைக் கொடுத்துவிட்டு நிற்காதே, காலியான இடத்துக்குப் போ, போனதும் குரல் கொடு. ஓசூர்க் காலைப்பனியில் பந்து பாதி நேரம் கண்ணுக்குத் தெரியாது. "இங்க!" என்று ஒருவன், "இக்கட!" என்று தெலுங்கில் ஒருவன், "இல்லி!" என்று கன்னடத்தில் ஒருவன். வெள்ளைக்குள்ளிருந்து குரல்கள் மட்டும் மிதந்து வரும். கோட்டோரம் நிற்கும் காவேரிக்குத் தூக்கத்தில் யாரோ பேசுவதுபோல் இருக்கும்.

தோற்றுக்கொண்டேதான் இருந்தார்கள். ஒரு தை மாதக் காலையில் பெங்களூர்க் கல்லூரி ஒன்று ஆட வந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், கலைந்திருந்த பனி அணைப்பக்கமிருந்து மறுபடி ஏறி வந்து கம்பங்களை விழுங்கியது. நிறுத்திவிடலாமா என்று நடுவர் யோசிக்கும்போதே பனிக்குள் யாரோ உதைத்தார்கள். வலை அசையும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

"நான் பார்க்கலியே" என்று நடுவர் தலையை ஆட்டினார்.

பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெங்களூர் அணியின் கோல்கீப்பர் வெள்ளைக்குள்ளிருந்து நடந்து வந்தான்.

"கோல் ஆய்த்து சார்" என்றான் கன்னடத்தில், கோல் ஆகிவிட்டது என்று.

அவனுடைய ஆட்களே அவன்மேல் பாய்ந்தார்கள். அவன் தோளைக் குலுக்கினான். "உள்ள போயிடுச்சு. நான் என்ன பண்ண?"

அந்த ஒரே கோலில் காவேரியின் பையன்கள் ஜெயித்தார்கள். அவள் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அரைகுறைத் தமிழில் சொன்னான்: "எல்லா பக்கமும் குரல் மேடம். எந்தக் குரலைப் பார்க்கறதுன்னே தெரியல."

ஜெயிக்க ஆரம்பித்ததும் நிர்வாகத்துக்கு ஆசை வந்தது. கால்பந்துக்கென்று முறையான பயிற்சியாளர் ஒருவரை நியமித்தார்கள். காவேரி கூடைப்பந்தோடு நிற்கவேண்டியதாயிற்று. புதியவர் கெட்டவரில்லை. ஆனால் "கத்தாம ஆடுங்கடா" என்றார். பக்கத்து மைதானம் ஊமையாகிவிட்டது. காவேரிக்கு வலித்தது அதுதான்.

"நீயும் ஃபுட்பால் சர்டிபிகேட் வாங்கிடு" என்றான் சிவராஜ். "அப்புறம் யார் என்ன சொல்லுவாங்க?"

விடுமுறைகளில் பெங்களூருக்குப் போய்ப் படித்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முழங்கால் வீங்கியது, ஐஸ் வைத்துக்கொண்டு மறுநாளும் போனாள். தேறினாள். அந்தப் பயிற்சியாளர் வேறு ஊருக்குப் போனபோது அவளே முதல்வர் அறைக்குப் போய்க் கால்பந்தையும் தனக்கே தரச்சொல்லிக் கேட்டாள்.

"ரெண்டையும் பார்த்துக்க முடியுமா மேடம்?"

"பார்த்துக்கிட்டுதானே சார் இருந்தேன்!"

இன்று அவளிடம் பெண்கள் கால்பந்து அணியும் இருக்கிறது. போன மாதம் முதல் வெளியூர் ஆட்டம். படுதோல்வி. திரும்பி வரும்போது கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் வண்டி டீக்கு நின்றது. சாயங்கால மஞ்சள் வெயிலில் லாரிகள் வரிசையாக உறங்கின. முகம் வாடி இறங்கிய பெண்கள், கொஞ்ச நேரத்தில் லாரிகளுக்கு நடுவே பந்தை உருட்டத் தொடங்கினார்கள். விலகி ஓடிய பந்தை, பகல் தூக்கம் கலைந்து பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர் செருப்புக் காலால் அழகாகத் திருப்பி அனுப்பினார். பெண்கள் கைதட்டினார்கள்.

ஆடட்டும் என்று காவேரி இன்னொரு டீ சொன்னாள்.